காலணாப் பத்திரிகையும் தங்கவயல் வாசகரும்

பத்திரிகைத் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆசிரியர்களின் பெருமையையும், அரசோடு அவர்கள் நடத்திய போராட்டங்களையும், அவர்கள் சிறை சென்ற நாட்களையும் எழுதுவர். அவை எழுதத் தக்கனவே. ஆயினும், பத்திரிகைக்கு எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கும் ஒருவரை அவ்வரலாறுகளில் நாம் அரிதாகவே காண்கிறோம். அதைக் காசு கொடுத்து வாங்கியவர் அவர். படிக்கத் தெரியாவிடினும் பிறர் படிக்கக் கேட்டவர். தம் ஊர்க் குறையை எழுதி அனுப்பியவர். சில வேளைகளில், ஆசிரியர் மறைந்த பின்னும் அந்தப் பத்திரிகையைப் பெட்டியில் வைத்துக் காத்தவர். அவருடைய பெயர் தலைப்பில் வருவதில்லை. ஆனால் அவர் இல்லாத பத்திரிகை அச்சிட்ட தாள்தானே தவிர வேறில்லை.

இதற்குச் சான்று தேடி இலண்டனுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டுவதில்லை. பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்றால் போதும். கோலார் தங்கவயல் நம்மிற் பலருக்குப் பிறந்த ஊர். பலருக்குப் பாட்டனார் உழைத்த ஊர். விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருவோர்க்கு இன்றும் வீடு இருக்கும் ஊர். அந்த ஊரின் சுரங்கத் தொழிலாளர்க்கும், சென்னை இராயப்பேட்டையில் அச்சான நான்கு பக்கப் பத்திரிகை ஒன்றுக்கும் இருந்த உறவையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் விலையே அதன் பெயராயிற்று. ஒரு பைசா என்பது அக்காலத்துக் காலணா. ரூபாய்க்கு அறுபத்து நான்கு. ஓராண்டுக்குப் பின் 'ஒரு பைசா' என்னும் அடை நீங்கி, 'தமிழன்' என்னும் பெயர் மட்டும் நின்றது. இதன் ஆசிரியர் பண்டிதர் அயோத்திதாசர். 1845-இல் பிறந்தவர், நீலகிரியில் வளர்ந்தவர், பிறப்பில் இவருக்கு இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராகக் கொண்டார் என்பர். தொழிலால் சித்த மருத்துவர். நோயாளியின் நாடி பார்த்த கையே பத்திரிகையும் எழுதிற்று என்று சொன்னால் அது வெறும் அலங்காரமன்று. மருந்துக்கு வருவோரிடம் ஊர்ச் செய்தி கேட்டறியும் வாய்ப்பு மருத்துவர்க்கு இருப்பது போல் வேறு எவர்க்கு உண்டு?

அயோத்திதாசர் பத்திரிகைக்குப் புதியவர் அல்லர். 1885-இல் ஜான் இரத்தினம் அவர்கள் நடத்திய 'திராவிட பாண்டியன்' என்னும் இதழோடு தொடர்பு கொண்டிருந்தார். 1891 டிசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டித் தாழ்த்தப்பட்ட மக்களின் கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றினார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், பிறர் இழிவாகச் சொன்ன சொல்லையே தலைப்பாகக் கொண்டு 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி 1900 வரை நடத்தியதும் இக்காலத்ததே. சென்னையிலே 'இந்து' பத்திரிகை 1878-இலும், 'சுதேசமித்திரன்' 1882-இலும் தோன்றிவிட்டன. அவை அரசியல் விழிப்புக்குச் செய்த தொண்டு பெரிது. ஆனால் அவற்றின் பக்கங்களில் சேரியும் தோட்டமும் சுரங்கமும் எத்துணை இடம் பெற்றன? ஆதலின், இடம் பெறாதவர்கள் தமக்கென ஒரு தாளைத் தாமே அச்சிட நேர்ந்தது. பெரிய பத்திரிகைகள் மறந்த மக்களே சிறிய பத்திரிகைகளைப் பெற்றெடுத்தனர் என்பது தமிழிதழ் வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் செய்தி.

'தமிழன்' இதழில் இருந்தவை யாவை? நாட்டு நடப்பு உண்டு. சமயக் கட்டுரை உண்டு. பழைய நூல்களுக்குப் புதிய விளக்கம் உண்டு. பௌத்தம் பற்றிய தொடர்கள் உண்டு. இவற்றோடு வாசகர் எழுப்பிய ஐயங்களும் அவற்றுக்கு ஆசிரியர் அளித்த விடைகளும் உண்டு. இப்பகுதியையே நாம் சிறப்பாகக் கருதுகிறோம். ஒரு சொல்லின் பொருள் யாது, ஒரு பண்டிகை எங்ஙனம் வந்தது, இன்னார் இழிந்தவர் என்று சொல்வதற்கு ஆதாரம் என்ன என்றெல்லாம் எங்கோ ஓர் ஊரில் இருக்கும் ஒருவர் கேட்கிறார்; பண்டிதர் விடை சொல்கிறார். பண்டிதர் சொன்ன விடைகள் எல்லாவற்றையும் இன்றைய ஆராய்ச்சி ஏற்கும் என்று நாம் சொல்லவில்லை. அவருடைய சொல்லாராய்ச்சிகள் சிலவற்றை ஏற்காதவர் பலர். ஆனால், கேள்வி கேட்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்த ஒருவர், தம் கேள்வி அச்சில் வந்ததைக் கண்ட அந்த நாளில் அவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்!

1911-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தபோது இப்பத்திரிகையின் பயன் மேலும் விளங்கிற்று. கணக்கெடுக்க வருவோரிடம் தாழ்வுப் பெயர்களைச் சொல்லிப் பதியாதீர்கள். சாதி பேதமற்ற திராவிடர் என்று பதியுங்கள் என அயோத்திதாசர் வற்புறுத்தினார். வாசலில் கணக்காளர் வந்து நிற்கிறார், அவர் கேட்கிறார், வீட்டுக்காரர் என்ன விடை சொல்வது? அந்த ஒரு கணத்துக்கு ஒரு மனிதரை ஆயத்தம் செய்தது அந்தத் தாள். நாட்டின் பெருந்தலைவர்களுக்கு அரசியல் அறிவுரை சொல்லிய பத்திரிகைகள் பல. வாசலில் நிற்கும் கணக்காளருக்கு என்ன சொல்வது என்று கூலிக்காரருக்குச் சொல்லிய பத்திரிகைகள் சிலவே.

இனித் தங்கவயலுக்கு வருவோம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்த பின் சுரங்கத் தொழில் அங்கே விரிந்தது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் சாரி சாரியாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் நிலமற்றவர், தீண்டாமைக்கு ஆளானவர். பஞ்சமும் பண்ணையும் துரத்த, பாறைக்குள் இறங்கினர். தட்டி வைத்த வரிசை வீடுகளில் குடியிருந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பிற்காலத்தில் நிலத்துக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. அங்கே வெப்பமும் கல்தூசியும் இருந்தன. திடீரென்று பாறை வெடித்துச் சிதறும் அபாயமும் இருந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து 140 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தனர். பெங்களூர் நகரத் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது 1905-இல். தங்கவயலுக்கு வந்தது அதற்கு மூன்றாண்டு முன்னர். அந்த மின்சாரம் யாருக்காக வந்தது என்று கேட்டால், பொன்னுக்காக வந்தது. அதை வெட்டியவனுக்காக அன்று.

அம்மக்களிடையே அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்குக் கிளைகள் தோன்றின. மாரிக்குப்பத்தில் எம்.ஒய். முருகேசர் போன்றோர் அதற்கு உழைத்தனர். 'தமிழன்' அங்கே சென்றது. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது அக்காலத்து வழக்கம். ஆதலின் ஒரு பத்திரிகைக்கு ஒரு வாசகர் என்று கணக்கிடுதல் பொருந்தாது. தங்கவயலிலிருந்து கடிதங்களும் செய்திகளும் இராயப்பேட்டைக்குச் சென்றன. சந்தாவும் நன்கொடையும் சென்றன. இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த தமிழ்த் தொழிலாளரும் இப்பத்திரிகையோடு தொடர்பு கொண்டிருந்தனர். சொந்த ஊரை விட்டு வந்தவர்க்குத் தான் யார் என்று நினைவூட்டும் ஒரு தாள் எத்துணை வேண்டியதாக இருக்கும் என்பதைப் பிறர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா? இந்நகரத்தில் வாழும் நாமே அறிவோம்.

1914 மே 5-ஆம் நாள் அயோத்திதாசர் மறைந்தார். ஆசிரியர் மறைந்தால் பத்திரிகையும் மறைவது பெரும்பாலும் இயல்பு. அவருடைய மைந்தர் சிறிது காலம் நடத்திப் பார்த்தார். பிறகு நின்றது. நின்றதை மீண்டும் எழுப்பியவர் யார் தெரியுமா? சென்னையிலிருந்த செல்வர் எவரும் அல்லர். 1926-இல் தங்கவயலிலிருந்தே, ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, 'தமிழன்' மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. வாங்கிப் படித்தவர்கள் பதிப்பாளர் ஆயினர். செய்தியனுப்பியவர்கள் செய்தித்தாளுக்கு உரியவர் ஆயினர். சுரங்கத்தில் இறங்கி ஏறிய மக்களின் ஊர் ஒன்று, தனக்கென ஓர் அச்சுக்கூடத்தையும் பத்திரிகையையும் தாங்கிற்று. 1930-இல் கைரேகைப் பதிவுத் திட்டத்தை எதிர்த்து அத்தொழிலாளர்கள் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் செய்ததையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். படிப்பகமும் பத்திரிகையும் சங்கக் கூட்டமும் இருந்த ஊரில் அத்தகைய ஒற்றுமை உண்டானது வியப்பன்று.

இதற்குப் பின் நிகழ்ந்ததை நாம் இன்னும் வியந்து பேசுவோம். பல்லாண்டுகள் 'தமிழன்' மறக்கப்பட்டது. தமிழிலக்கிய வரலாறுகளும் இதழ் வரலாறுகளும் அதைத் தாண்டிச் சென்றன. அப்பழைய இதழ்கள் எங்கே இருந்தன? பெரிய நூலகங்களிலா? பெரும்பாலும் தனியார் வீடுகளில், அன்பு பொன்னோவியம் போன்ற ஆர்வலர்களின் பாதுகாப்பில் இருந்தன. 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவர்கள் தொகுக்க, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்னும் பெயரில் அவற்றை நூலாக வெளியிட்டது. 2005-இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. அஞ்சல்தலைக்கும் ஆய்வு நூல்களுக்கும் அடியில், தாள் பழுப்பேறாமலும் கரையான் அரிக்காமலும் பார்த்துக்கொண்ட வீடுகள் இருக்கின்றன. கிழிந்த பழந்தாளை எடைக்குப் போடாமல் வைத்த அம்மையார் எத்தனை பேரோ! இதழியல் கற்பிக்கும் கல்லூரிகளில் இவர்களைப் பற்றி ஒரு பாடம் வைத்தால் தகும்.

சாதாரண மக்களைப் பற்றி எழுதுவது என்றால் அவர்களுடைய துன்பத்தைப் படம் பிடித்துப் போடுவது என்று சிலர் கருதுகின்றனர். வெள்ளத்தில் நிற்கும் ஒரு கிழவியின் படம், விபத்தில் கதறும் ஒரு தாயின் படம் ஆகியவற்றால் அவர்களுக்கு இடம் தந்துவிட்டதாகப் பத்திரிகைகள் நினைக்கின்றன. அப்படத்தின் கீழே கருத்துச் சொல்பவர் மட்டும் ஓர் அதிகாரி! துன்பப்பட்டவருக்கு அழத் தெரியும், அறியத் தெரியாது என்பதுபோல் அன்றோ இது? 1942-இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கித் தேநீர்க் கடைப் பலகைக்கும் செய்தியைக் கொண்டுவந்தார். எளிய தமிழ் எழுதினால் எவரும் படிப்பர் என்று காட்டியது பெருந்தொண்டு. அதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், தமிழ் நாளிதழ்களில் எளியவர் பெயர் வருவது பெரும்பாலும் காவல் நிலையச் செய்தியில்தான் என்னும் குறை இன்றும் நீங்கவில்லை. கொலையுண்டால் பெயர் வரும். உயிரோடு உழைத்தால் வாராது.

மாறாக, மக்களை அறிவுடையோராகக் கருதிச் சென்ற செய்தியாளர் கண்டது எத்தகையது என்பதற்குப் புதுக்கோட்டைச் செய்தி ஒன்று போதும். 1990-களின் தொடக்கத்தில் பி. சாய்நாத் அவர்கள் நாட்டின் மிக வறிய மாவட்டங்கள் சிலவற்றில் தங்கித் திரிந்து செய்தி எழுதினார். அவற்றுள் தமிழ்நாட்டின் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அடங்கும். அந்நாளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்துக் கற்கும் பெண்கள் மிதிவண்டியும் கற்றனர். பேருந்துக்குக் காத்திருக்கும் பொழுது மிச்சமாயிற்று; விளைபொருளை விற்க இன்னும் சில ஊர்களுக்குச் செல்ல முடிந்தது. 1992-இல் பெண்கள் நாளன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்தனர். இது பெருங்காட்சி, எவரும் எழுதியிருப்பர். சாய்நாத் அதோடு நிற்கவில்லை. ஆண்கள் ஓட்டும் வண்டியைச் சில பெண்கள் விரும்பி வாங்குவது ஏன் என்று கேட்டார். முன்னால் உள்ள குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று விடை வந்தது. எந்த அலுவலகத்தின் அறிக்கையில் இந்த விடை கிடைக்கும்? வண்டி செய்யும் நிறுவனத்தாருக்குத்தான் தெரிந்திருக்குமா? ஓட்டுகிறவளைக் கேட்டால்தான் தெரியும். அச்செய்திகள் 1996-இல் நூலாக வந்தன. 2007-இல் அவர் மகசேசே விருது பெற்றார். 2014-இல் சிற்றூர் மக்களின் வாழ்வையே பொருளாகக் கொண்ட 'பரி' என்னும் ஆவணக்களத்தைத் தொடங்கினார். அது தமிழிலும் வெளிவருகின்றது.

இம்முறை முற்றிலும் புதியதன்று. 1849-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றுக்காக ஹென்றி மேஹியூ என்பார், தெருவில் காய் விற்பவர், துணி தைப்பவர், சாக்கடை தேடிப் பிழைப்பவர் முதலியோரிடம் சென்று, வரவு என்ன செலவு என்ன என்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதினார். பின் அது பெரிய நூலாயிற்று. அரசின் புள்ளிவிவரம் சொல்லாதவற்றை அதிலிருந்து இன்றும் அறிஞர்கள் எடுத்துக்கொள்கின்றனர்.

நாம் வாழும் கன்னட நாட்டிலும் இதற்கு நல்ல மரபு உண்டு. 1887-இல் கோலார் மாவட்டத்து முளுபாகிலில் பிறந்த டி.வி. குண்டப்பா அவர்கள் 1913-இல் பெங்களூரில் 'கர்நாடகா' என்னும் இதழைத் தொடங்கியவர். பிற்காலத்தில் அவர் எழுதிய நினைவுச் சித்திரங்களில் திவான்களும் உண்டு. பெயர் பெறாத எளியவர்களும் உண்டு. 1980-இல் பி. லங்கேஷ் அவர்கள் தொடங்கிய வார இதழ் விளம்பரம் ஒன்றும் ஏற்காமல், வாசகர் கொடுக்கும் விலையிலேயே நடந்தது. காலணாப் பத்திரிகைக்கும் அதற்கும் இடையே எழுபது ஆண்டு இடைவெளி, மொழியும் வேறு. ஆனால் வாசகரின் சில்லறைக் காசு கொடுக்கும் சுதந்திரம் இரண்டிலும் ஒன்றே. அந்த மரபில் நின்ற அவர் மகள் கௌரி லங்கேஷ் 2017 செப்டம்பர் 5-ஆம் நாள் பெங்களூரில் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டதை இந்நகரம் மறக்கவில்லை.

செய்தி எழுதுவோர் மக்களைக் கேளாமல் எழுதினால் என்ன ஆகும் என்பதை நம் இல்லங்கள் பட்டறிந்திருக்கின்றன. 1991 டிசம்பரில் காவிரி நீர்ப் பூசலால் இந்நகரில் தமிழர் வாழும் பகுதிகளில் வன்முறை மூண்டது; குடும்பங்கள் பல ஊரை விட்டு ஓடின. 2016 செப்டம்பர் 12-ஆம் நாள் மீண்டும் பேருந்துகள் எரிந்தன. அன்று தொலைக்காட்சிகளில் இரு மாநிலத்திலும் ஒரே சில காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டன: இங்கே ஒரு தமிழ் இளைஞர் அடிபடுகிறார், அங்கே ஒரு கன்னட ஓட்டுநர் அடிபடுகிறார். நடந்தவை பொய்யல்ல. ஆனால் அவற்றையே நாள் முழுதும் கண்டவர், நாடு முழுதும் அதுவே நடக்கிறது என்று எண்ணியதில் வியப்பென்ன? அதே நாளில் அண்டை வீட்டுக் கன்னடத் தாய் தமிழ்க் குழந்தைகளைத் தம் வீட்டில் வைத்துக் கதவைத் தாழிட்டுக் காத்த செய்தியை நம்மவர் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அதைக் காட்டுவதற்கு எந்தப் படக்கருவியும் அத்தெருவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2003-இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துப் பேராசிரியர் ச. ஜனகராஜன் அவர்களின் முயற்சியால் இரு மாநில உழவர்களும் கூடிக் 'காவிரிக் குடும்பம்' என்னும் அமைப்பில் பேசத் தொடங்கினர். மண்டியா உழவர் தஞ்சை வயலையும், தஞ்சை உழவர் மண்டியா வயலையும் நேரில் கண்டனர். நீர்ப்பங்கீட்டை முடிவு செய்தவர்கள் அவர்கள் அல்லர்; 2007-இல் நடுவர் மன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமுமே முடிவு கூறின. ஆயினும், வழக்கறிஞரும் அமைச்சரும் பேசிய ஆண்டுகள் எத்தனை, வயலில் இறங்கியவர்கள் தம்முள் பேசிய நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், எரியும் பேருந்துக்குக் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கேனும் அச்சந்திப்புகளுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

நேர்மாறான நிகழ்ச்சியையும் இந்நகரமே காட்டிற்று. 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய் ஊரடங்கின்போது, பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் ஊர் திரும்பத் துடித்தனர். மே 5-ஆம் நாள், கட்டட நிறுவனத்தார் முதலமைச்சரைச் சந்தித்த பின், ஊருக்குச் செல்லும் சிறப்பு இரயில்கள் வேண்டாம் என்று கர்நாடக அரசு இரயில்வேக்கு எழுதியது. வேலை மீண்டும் தொடங்குகிறது, ஆதலின் அவர்கள் தங்குவதே நல்லது என்பது சொல்லப்பட்ட காரணம். செய்தியாளர்கள் தொழிலாளரிடம் சென்று கேட்டனர். கையில் காசில்லை, கூலி வரவில்லை, வீட்டில் தாய் காத்திருக்கிறாள் என்னும் விடைகள் வெளிவந்தன. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. இரண்டே நாளில் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது, இரயில்கள் ஓடின. 'தொழிலாளர் தேவை' என்று ஏட்டில் எழுதப்பட்ட ஒன்றுக்குப் பின்னால், வீட்டுக்குப் போக விரும்பும் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை அந்த இரண்டு நாட்களில் பத்திரிகைகள் காட்டின. நம் முன்னோரும் ஒரு காலத்தில் அவ்வாறு வந்தவர்களே. கட்டடக் கூலிகளாக இன்றும் தருமபுரியிலிருந்தும் கிருட்டினகிரியிலிருந்தும் வந்து சாலையோரத்தில் தங்கும் நம்மவர் உளர்.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. ஏறத்தாழ 800 டன் பொன் கொடுத்த நிலம் அது என்பர். மூடிய செய்தியில் பொன்னின் கணக்கு வந்தது. நட்டத்தின் கணக்கு வந்தது. அடுத்த நாள் காலை சங்கு ஊதாதபோது வீட்டில் என்ன நடந்தது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்ன செய்தார்கள், முதன்முதலில் பெங்களூர் இரயிலில் ஏறி எந்த வேலை தேடினார்கள் என்னும் கணக்கை யார் எழுதுவது? அதை எழுதத் தக்கவர்கள் நம் வாசகர்களிடையே இருக்கின்றனர். ஆண்டுதோறும் அவர்களுள் சிலர் குறைந்து வருகின்றனர்.

சங்க இதழுக்கு விழாச் செய்தியும் தேவை. பொன்னாடைப் படமும் தேவை. அவற்றோடு இதையும் வெளியிட எண்ணியிருக்கிறோம். தங்கவயலிலோ, பின்னி ஆலையிலோ, அல்சூர்ச் சந்தையிலோ, வீட்டு வேலையிலோ, கட்டட வேலையிலோ உழைத்தவர்கள், தாம் இந்நகரத்துக்கு வந்த ஆண்டு, முதலில் தங்கிய தெரு, வாங்கிய கூலி, கொடுத்த வாடகை, கன்னடம் கற்பித்த அண்டை வீட்டார் ஆகியவற்றை எழுதி அனுப்பக் கோருகிறோம். எழுத இயலாத முதியோர் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதலாம். கைப்பேசியில் பேசிப் பதிந்தும் அனுப்பலாம். பேச்சு வழக்கை நாம் திருத்த மாட்டோம். பெயர் வெளியிட வேண்டாம் என்றால் வெளியிட மாட்டோம். பழைய 'தமிழன்' இதழோ, சாம்பியன் ரீஃபில் அச்சான துண்டு வெளியீடோ எவர் வீட்டுப் பெட்டியிலேனும் இருந்தால், அதை எவருக்கும் கொடுத்துவிடாமல், முதலில் ஒரு படியெடுத்துக்கொண்டு, பிறகு எமக்குத் தெரிவியுங்கள். மடித்த இடத்தில் தாள் ஒடியும். விரித்து வைக்கும்போது கவனம் வேண்டும்.